சிறிய பவளத் தொட்டி: விளக்குக்கு ஏற்ற பவளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியத் தமிழர் வீடுகளில் மீன் வளர்ப்பு புதிதல்ல. தோட்டத்து லயத்து வீடுகளில் கண்ணாடிப் போத்தலில் சண்டை மீன் வளர்த்த காலம் போய், தாமான் வீடுகளில் கப்பி, தங்கமீன், அரோவானா என்று தொட்டிகள் பெருகின. இப்போது கடல்நீர்த் தொட்டியும் பவளமும் பல இளைஞர்களை ஈர்க்கின்றன. இரண்டடித் தொட்டி, ஓர் எல்.இ.டி. விளக்கு, சிறிய பம்பு இருந்தால் வரவேற்பறையிலேயே ஒரு துண்டுக் கடலை அமைத்துவிடலாம்.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் பணம் வீணாவதும் உயிர்கள் சாவதும் பெரும்பாலும் தொடக்க மாதங்களில்தான். கடையில் கண்ணைப் பறித்த பவளம் வீட்டுக்கு வந்த மூன்று, நான்கு வாரங்களில் வெளுத்துப் போகிறது. அல்லது பழுப்பேறிச் சுருங்குகிறது. வளர்ப்பவர் தண்ணீரைச் சந்தேகப்படுகிறார், உப்பை மாற்றிப் பார்க்கிறார், மருந்து ஊற்றுகிறார். விளக்கின் வெளிச்சம் அந்தப் பவளத்துக்குப் பொருந்தவில்லை என்பது கடைசியில்தான் தெரிய வருகிறது. தொட்டியில் உள்ள விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்பதை முதலில் அறிந்து, அதற்கு ஏற்ற பவளத்தை வாங்கினால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பவளத்துக்கு ஒளி எதற்கு?

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது ஜெல்லிமீனுக்கு உறவான ஒரு விலங்கு. சிறு வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட ‘போலிப்’ என்னும் உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ்வதையே நாம் ஒரு பவளம் என்கிறோம்.

தொட்டியில் வளர்க்கப்படும் பெரும்பாலான பவளங்களின் தசைக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையைத் தயாரித்து அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பதிலுக்குப் பவளத்தின் கழிவுகளைத் தங்களுக்கு உரமாக எடுத்துக்கொள்கின்றன. ஒளி குறைந்தால் பாசியின் சமையல் நின்று பவளம் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும்.

ஒளி அளவுக்கு மீறினாலும் கெடுதல்தான். பாசிகள் தாங்கக்கூடிய எல்லையைக் கடந்தால், பவளத்தின் திசுவைத் தாக்கும் வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே பெருகுகின்றன. தன்னைக் காத்துக்கொள்ள பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் தந்த பாசி போனதும் கண்ணாடி போன்ற தசைக்கு அடியில் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளுத்தல் என்கிறார்கள். வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. காரணத்தை விரைவில் சரிசெய்தால் சில மீண்டு வரும், தாமதித்தால் இறந்துவிடும்.

வாட்டும் வேண்டாம், லக்ஸும் வேண்டாம்

விளக்கு வாங்கும்போது ‘எத்தனை வாட்?’ என்று கேட்பது நம் வழக்கம். வாட் என்பது அந்த விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒரே வாட் கொண்ட இரண்டு விளக்குகள் தொட்டியின் அடியில் தரும் ஒளி வெவ்வேறாக இருக்கும். லென்ஸின் கோணம், விளக்கு தொங்கும் உயரம், எல்.இ.டி.யின் தரம் ஆகியவை அதை மாற்றிவிடும்.

சிலர் கைப்பேசியில் உள்ள ஒளி அளக்கும் செயலியை நம்புகிறார்கள். அது லக்ஸ் கணக்கில் காட்டும். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பச்சை ஒளியைத்தான் மிக நன்றாக உணர்கிறது. பவள விளக்குகளில் மிகுந்திருக்கும் 450 நானோமீட்டர் நீல ஒளியை அதில் ஏறத்தாழ 4 விழுக்காடு அளவுக்கே உணர்கிறது. அதனால் நீலம் கூடிய விளக்கின் கீழ் லக்ஸ் எண் மிகக் குறைவாகத் தெரியும். ‘வெளிச்சம் போதவில்லை’ என்று எண்ணி விளக்கை முழு வீச்சில் ஏற்றிப் பவளத்தைப் பொசுக்கிவிடுபவர்கள் உண்டு.

பவள வளர்ப்பில் பயன்படும் அளவு ‘பார்’. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே இந்த எண். நண்பகல் வெயிலில் நிலத்தின்மேல் இது 2,000 வரை போகும். தொட்டிப் பவளங்களுக்குத் தேவைப்படுவது பொதுவாக 50 முதல் 350 வரைதான்.

பார் மீட்டரின் விலை ஒரு சிறிய தொட்டியின் விலையையே எட்டக்கூடும். அதை வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. சில கடல்நீர் மீன் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். தெரிந்தவர்களிடம் ஒரு நாள் இரவல் பெறலாம். ஒரு முறை அளந்து தொட்டியின் படம் ஒன்றை வரைந்து எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். விளக்கின் தயாரிப்பாளர் பார் வரைபடம் வெளியிட்டிருந்தால், அது எந்த உயரத்தில், தண்ணீரிலா காற்றிலா அளக்கப்பட்டது என்பதைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

மீட்டரே கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விலை குறைந்த மஷ்ரூம் பவளத் துண்டுகள் மூன்றை வாங்கி, தொட்டியின் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று வைத்து நான்கு வாரம் கவனிக்கலாம். சுருங்கி நிறம் வெளிறும் இடத்தில் ஒளி கூடுதல். தட்டையாக அகல விரிந்து, காம்பை நீட்டி மேலே எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒளி குறைவு. இது துல்லியமான அளவு இல்லை என்றாலும், விலையுயர்ந்த பவளத்தைப் பலி கொடுக்காமல் தொட்டியைப் புரிந்துகொள்ள உதவும்.

நீலமா, வெள்ளையா?

கடல்நீர் முதலில் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெரும்பாலும் மறைந்து நீலமே மிஞ்சும். நுண்பாசிகள் அந்த நீலத்தை நன்றாகப் பயன்படுத்தப் பழகியவை. அதனால்தான் பவள விளக்குகளில் நீல எல்.இ.டி. அதிகமாக இருக்கிறது. வெள்ளைக் குழல்விளக்கின் நிறவெப்பம் 6,500 கெல்வின் என்றால், பவளத் தொட்டிக்காரர்கள் 14,000 முதல் 20,000 கெல்வின் வரை உள்ள நீலம் சார்ந்த ஒளியை விரும்புகிறார்கள்.

நீல ஒளியில் பவளங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னுவதற்குக் காரணம் அவற்றிலுள்ள ஒளிரும் புரதங்கள். நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பி விடுவது அவற்றின் வேலை. கடைகள் பெரும்பாலும் முழு நீல விளக்கின் கீழ்தான் பவளத்தைக் காட்டும். வீட்டு விளக்கில் அதே பவளம் சாதாரணப் பழுப்பாகத் தெரிந்தால் கடைக்காரர் ஏமாற்றினார் என்று பொருளல்ல. வாங்குவதற்கு முன் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது. தசை கிழிந்திருப்பதும் ஓரம் வெளுத்திருப்பதும் வெள்ளை ஒளியில்தான் தெளிவாகத் தெரியும்.

தொட்டிக்குள் மூன்று மாடி

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் கொண்ட இரண்டடித் தொட்டியில் 54 லிட்டர் கொள்ளும். கல், மணல் போக உண்மையில் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 45 லிட்டர்தான். இத்தனை சிறிய தொட்டியிலும் ஒளி எங்கும் ஒரே அளவாக விழுவதில்லை. விளக்குக்கு நேர் கீழே, கல்லின் உச்சியில் 200 இருக்கும்போது, மணல்தரையின் மூலையில் 60 மட்டுமே இருக்கலாம். கல்லின் நிழல்பக்கம் இன்னும் குறைவு.

ஆகவே தொட்டியை மூன்று மாடி வீடு போல எண்ணிக்கொள்ளலாம். மணல்தரையும் நிழலும் கீழ்த்தளம். கல்லின் இடுப்பு நடுத்தளம். விளக்குக்கு நேர் கீழுள்ள உச்சி மேல்தளம். ஒவ்வொரு தளத்திலும் குடியேறத் தகுதியுள்ளவை வேறு வேறு.

கீழ்த்தளம்: பார் 50 முதல் 100 வரை

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற பவளங்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் உள்ளன. சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும்.

மஷ்ரூம்: டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் இனங்கள். மிகக் குறைந்த ஒளியிலும் வாழும். 30 இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். வேகமான நீரோட்டம் பிடிக்காது.

சோவா: சோயாந்தஸ் இனம். பல நிறங்களில் கிடைக்கும். கீழ்த்தளத்திலும் நடுத்தளத்திலும் வளரும். ஒளி குறைந்தால் காம்பு நீளும்.

லெதர்: சார்கோபைட்டான், சினுலேரியா போன்ற மென்பவளங்கள். காளான் போலவும் விரல்கள் போலவும் வளரும். அவ்வப்போது மேல்தோலை உரித்துக்கொள்ளும். அப்போது சுருங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஒளி கொஞ்சம் கூடினாலும் ஏற்றுக்கொள்ளும்.

கிரீன் ஸ்டார் போலிப், சினியா: இரண்டும் களை போல் பரவும். தனிக் கல்லில் வைக்காவிட்டால் ஓராண்டில் தொட்டி முழுவதும் இவையே நிற்கும். சினியாவின் கைகள் தாமாகவே மூடித் திறப்பது சிறுவர்களுக்குப் பிடித்த காட்சி.

பிளாஸ்டோமுசா, ஆகான், திறந்த மூளைப் பவளம்: இவை கல் எலும்புக்கூடு கொண்டவை என்றாலும் மங்கிய ஒளியை விரும்புகின்றன. மூளைப் பவளத்தை மணல்தரையில் வைப்பதே சரி. கல்லின்மேல் வைத்தால் தசை உரசிக் கிழியும்.

நடுத்தளம்: பார் 80 முதல் 150 வரை

எல்.பி.எஸ். எனப்படும் பெரிய போலிப் கல்பவளங்களின் இடம் இது. டார்ச், ஹேமர், ஃபிராக்ஸ்பான் ஆகியவற்றின் நீண்ட கைகள் நீரோட்டத்தில் அசைவதைப் பார்த்துத்தான் பலர் இந்தப் பொழுதுபோக்கில் விழுகிறார்கள். டங்கன், கேண்டி கேன், ஃபேவியா, கோனியோபோரா ஆகியவையும் இந்தத் தளத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் டங்கனும் கேண்டி கேனும் எளியவை. கோனியோபோரா அழகானது, ஆனால் நிலையான தண்ணீரும் தவறாத தீனியும் கேட்கும்.

இவற்றின் இயல்பான வாழ்விடத்தை நினைத்துப் பார்த்தால் ஒளித் தேவை எளிதில் புரியும். போர்ட்டிக்சன் கடலோரம் போன்ற கலங்கிய நீரில் வெயில் கொளுத்தினாலும் அடியில் மங்கலாகவே இருக்கும். எல்.பி.எஸ். இனங்களில் பல அத்தகைய கலங்கல் நீரிலும், ஆழமான சரிவுகளிலும் வாழப் பழகியவை. அவற்றை விளக்குக்கு நேர் கீழே ஏற்றி வைப்பது, நிழலில் வளர்ந்த செடியைத் தூக்கி உச்சி வெயிலில் வைப்பது போலாகும்.

கல் எலும்புக்கூடு கட்டும் பவளங்களுக்கு ஒளியுடன் கால்சியமும் வேண்டும். தண்ணீரில் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். இருப்பது நல்லது. பவளங்கள் குறைவாக உள்ள சிறிய தொட்டியில் வாரத்துக்கு ஒருமுறை பத்து விழுக்காடு, அதாவது நான்கரை லிட்டர் தண்ணீரை மாற்றினாலே இவை பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

மேல்தளம்: பார் 200 முதல் 350 வரை

அக்ரோபோரா, மொண்டிபோரா, பேர்ட்ஸ் நெஸ்ட், போசிலோபோரா ஆகியவை எஸ்.பி.எஸ். எனப்படும் சிறிய போலிப் கல்பவளங்கள். அலை அடிக்கும் ஆழமற்ற, தெளிந்த நீரில் வளர்ந்தவை. பலமான ஒளி, பலமான நீரோட்டம், சற்றும் மாறாத தண்ணீர் மூன்றும் சேர்ந்தால்தான் பிழைக்கும். இவற்றில் மொண்டிபோராவும் பேர்ட்ஸ் நெஸ்ட்டும் 150 முதல் 250 வரை கிடைத்தால் ஓரளவு ஒத்துப்போகும். அக்ரோபோராவுக்கு 250க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

சிறிய தொட்டியில் இவற்றை வளர்ப்பது முடியாத காரியமில்லை. ஆனால் தண்ணீர் குறைவு என்பதால் உப்பும் வெப்பமும் காரத்தன்மையும் விரைவில் ஏறி இறங்கும். தொட்டி தொடங்கி ஆறு மாதமாவது ஆகாமல் அக்ரோபோராவை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். குறைந்த ஒளியில் வைத்தால் முதலில் பழுப்பாகும். கூடுதல் ஒளியைப் பிடிக்கத் தசைக்குள் பாசிகளைப் பெருக்கிக்கொள்வதன் அடையாளம் அது.

விளக்கே வேண்டாத பவளம்

‘என் விளக்கு சக்தி குறைந்தது, அப்படியென்றால் ஒளி தேவைப்படாத சன் கோரலை வாங்கலாமே’ என்று சிலர் நினைப்பதுண்டு. மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் பூக்கும் இந்தப் பவளத்தின் உடலில் பாசிகள் இல்லை. அதனால் அதற்கு ஒளி வேண்டாம் என்பது உண்மை. ஆனால் சமைத்துப் போட ஆள் இல்லாததால் முழு உணவையும் வளர்ப்பவரே ஊட்ட வேண்டும். வாரத்தில் இரண்டு, மூன்று நாளாவது ஒவ்வொரு போலிப்புக்கும் மைசிஸ் இறால் போன்ற தீனியைக் கொடுக்க வேண்டியிருக்கும். மிஞ்சிய தீனி 45 லிட்டர் தண்ணீரை விரைவில் கெடுத்துவிடும். புதியவர்களுக்கு இது ஏற்றதல்ல. மென்மையான வண்ணக் கிளைகள் கொண்ட டென்ட்ரோநெஃப்தியா இன்னும் கடினம். பெரும்பாலான தொட்டிகளில் அது பட்டினியால் இறந்துவிடுகிறது.

புதிய பவளத்தை ஒளிக்குப் பழக்குதல்

கடையில் எந்த ஒளியில் இருந்தது, எத்தனை வாரமாக அங்கே இருக்கிறது, தொட்டியின் எந்த உயரத்தில் வைத்திருந்தார்கள் என்று கேட்டறிந்து வாங்க வேண்டும். நேற்று வந்திறங்கிய பவளத்தைவிட, கடையில் சில வாரம் நின்று நன்றாக விரிந்திருக்கும் பவளமே நம்பகமானது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எந்தப் பவளமாக இருந்தாலும் முதலில் மணல்தரையில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக அதற்குரிய தளத்துக்கு ஏற்றலாம். புதிய விளக்கு மாட்டினால் பாதி வீச்சில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் தேவையான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒளி போதும். டைமர் பொருத்துவது கட்டாயம். மனிதர் மறந்தாலும் அது மறக்காது.

கவனிக்கப்படாத இன்னொரு காரணம் கரி. தண்ணீர் நாளடைவில் மஞ்சள் சாயம் பிடித்து நீல ஒளியைத் தடுக்கும். புதிய கரியைப் போட்டதும் ஒரே நாளில் தண்ணீர் பளிங்காகி, பவளத்தின்மேல் விழும் ஒளி திடீரென்று கூடிவிடும். கரியைச் சிறிது சிறிதாக, தவறாமல் மாற்றி வந்தால் இந்த அதிர்ச்சி ஏற்படாது. உப்புத் தூவல் படிந்த மூடிக் கண்ணாடியும் ஒளியைக் குறைக்கும். வாரம் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

ஒரு மாற்றம் செய்தால் அடுத்த மாற்றத்துக்கு இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். பவளத்தைத் தினமும் இடம் மாற்றுவது அதற்குச் செய்யும் பெரிய கொடுமை.

நம் ஊர் வெப்பம்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று நம் நாட்டில் உண்டு. பவளத் தொட்டிக்கு உகந்த வெப்பம் 25, 26 டிகிரி செல்சியஸ். குளிர்சாதனம் இல்லாத தாமான் வீட்டிலோ அடுக்குமாடியிலோ மதிய நேரத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெப்பமும் ஒளியும் ஒன்றாகச் சேரும்போதுதான் பவளம் வேகமாக வெளுக்கிறது. 26 டிகிரியில் 200 பார் ஒளியைத் தாங்கும் பவளம், 31 டிகிரியில் அதே ஒளியில் வெளுத்துப்போகலாம்.

இதற்குச் சில வழிகள் உள்ளன. பழைய மெட்டல் ஹேலைட் விளக்கைத் தவிர்த்து எல்.இ.டி. பயன்படுத்தினால் தண்ணீரில் ஏறும் சூடு குறையும். விளக்கை மாலை 2 மணிக்கு ஏற்றி இரவு 11 மணிக்கு அணைக்குமாறு டைமரை வைத்தால், பகலின் உச்ச வெப்பமும் விளக்கின் உச்ச ஒளியும் ஒன்றாக வராமல் தள்ளிப்போகும். வேலை முடிந்து வீடு திரும்பும் குடும்பத்தினரும் தொட்டியை ஒளியுடன் பார்க்கலாம். சன்னலோரத்தில் தொட்டியை வைக்கவே கூடாது. நேர் வெயில் தண்ணீரைச் சூடாக்கி, கண்ணாடியெங்கும் பாசியை வளர்க்கும்.

தண்ணீர் மேற்பரப்பில் சிறிய மின்விசிறி வைத்தால் வெப்பம் இரண்டு டிகிரி வரை இறங்கும். ஆனால் ஆவியாகும் நீரின் அளவு கூடும். நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால் 45 லிட்டர் தொட்டியின் உப்பு 35 என்ற அளவிலிருந்து 35.8 ஆகும். தீபாவளிக்கு மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 37.5 ஆகிவிடும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத, வடிகட்டிய ஆர்.ஓ. நீரைத் தினமும் ஊற்ற வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் பவளத்துக்கு ஆகாது. எஸ்.பி.எஸ். வளர்க்க விரும்புபவர்களுக்கு நம் தட்பவெப்பத்தில் சில்லர் கருவி தேவைப்படும் என்பதையும், அதற்கான மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இடைவெளியும் சண்டையும்

ஒளி பொருந்தினால் மட்டும் போதாது. அண்டைவீட்டாரும் பொருந்த வேண்டும். பவளங்கள் இரவில் கொடுக்கு நிறைந்த நீண்ட கைகளை நீட்டி அருகிலிருக்கும் பவளத்தைச் சுடும். கலாக்சியா இதில் மிகவும் பொல்லாதது. டார்ச் பவளமும் சளைத்ததல்ல. கல்பவளங்களுக்கிடையே 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இரண்டடித் தொட்டியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதிகம் வாங்க முடியாது என்பது தெரியவரும்.

கைகளுக்குப் பாதுகாப்பு

சோவா, குறிப்பாக அதன் உறவினமான பெலிதோவாவைக் கையாளும்போது கவனம் தேவை. இவற்றில் சிலவற்றில் பெலிடாக்சின் என்ற கொடிய நச்சு உள்ளது. 1971ஆம் ஆண்டு ஹவாய் ஆய்வாளர்கள் பெலிதோவாவிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்த இந்த நச்சு, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. கையில் கீறல் இருந்தால் தொடவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். இவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடுவதோ, சுடுநீரால் கழுவுவதோ மிகவும் ஆபத்து. நச்சு ஆவியோடு கலந்து வீட்டிலுள்ள அனைவரையும் தாக்கலாம். வாயில் கசப்பு, உதடு மரத்துப்போதல், மூச்சுத்திணறல், காய்ச்சல் போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் சென்று, கடல் பவளத்தைக் கையாண்டதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகள் தொட்டிக்குள் கைவிடாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கடலிலிருந்து எடுக்கலாமா?

கூடாது. ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் போன்ற கடல் பூங்காக்களில் பவளத்தை எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். கல்பவளங்கள் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு கொண்டு செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டும். விடுமுறைக்கு இந்தோனேசியா போய்வரும்போது ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அதே விதிக்குள்தான் வரும்.

சட்டத்தைத் தாண்டியும் காரணம் உண்டு. சபா கடல் அடங்கிய பவள முக்கோணப் பகுதியில் உலகின் பவள இனங்களில் முக்கால் பங்கு வாழ்கிறது. அந்தக் கடல்கள் சூடாகி வருகின்றன. 2010ஆம் ஆண்டு பவளங்கள் பெருமளவில் வெளுத்தபோது, ரெடாங், தியோமான் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுத்தல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. இந்த நிலையில் ஒளி பொருந்தாமல் தொட்டியில் சாகும் ஒவ்வொரு பவளத்தின் இடத்தையும் நிரப்ப இன்னொன்று வாங்கப்படுகிறது. அது கடலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இதற்கு நல்ல மாற்று, தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய ஃபிராக் எனப்படும் துண்டுகள். விலை குறைவு, செயற்கை விளக்குக்கு ஏற்கெனவே பழகியவை, கடலுக்கும் சேதமில்லை. மென்பவளங்களும் சோவாவும் விரைவில் பெருகுவதால் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதும் வழக்கம்.

இரண்டடித் தொட்டிக்கு ஒரு திட்டம்

கல்லின் உச்சியில் 150, நடுவில் 100, மணலில் 60 பார் தரும் சாதாரண எல்.இ.டி. விளக்கு உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். பிறகு மணலின் நிழலில் இரண்டு மஷ்ரூம், ஓரத்துத் தனிக் கல்லில் கிரீன் ஸ்டார் போலிப், கல்லின் அடிவாரத்தில் சோவா ஆகியவற்றோடு தொடங்கலாம். இரண்டு மாதம் எல்லாம் நன்றாக விரிந்து நின்றால் நடுத்தளத்தில் ஒரு டங்கன், எதிர்ப்புறத்தில் ஒரு ஹேமர் சேர்க்கலாம். உச்சியில் ஒரு லெதர் பவளம் நிற்கலாம். அக்ரோபோராவுக்கு இந்தத் தொட்டியில் இடமில்லை. அதை வாங்கும் ஆசை வந்தால் முதலில் விளக்கும் குளிர்விக்கும் கருவியும் மாற வேண்டும்.

இந்தத் திட்டத்தில் மொத்தம் ஆறேழு பவளங்கள்தான். கடைத் தொட்டியின் நெரிசலோடு ஒப்பிட்டால் முதல் சில மாதங்கள் வெறுமையாகத் தோன்றும். ஆனால் ஒளி பொருந்திய பவளம் தானே வளரும். ஓராண்டில் மஷ்ரூம் குட்டி போட்டிருக்கும், ஹேமர் இரண்டு தலையிலிருந்து நான்காகியிருக்கும். அப்போது நண்பருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கும் நிலையும் வந்துவிடும்.